கம்பிச் சங்கத்துத் தலைவர்

“…கேட்டதுதானுங்க, இல்லைன்னு சொல்லலை. ரெண்டு தரம் கூப்பிட்டுச்சு. மூணாவது தரமும் கூப்பிடட்டும், அப்புறம் உங்களுக்குக் குரல் கொடுப்போம்னு இருந்தேனுங்க. கூப்பிடலீங்க.”

இதைச் சொன்னது என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாசற்படியில் மூச்சு வாங்க நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கம்பிச் சங்கத்துத் தலைவர். அவர் வேட்டியில் வேறொருவருடைய ரத்தம். இரண்டு பேருக்கும் நடுவில் நான், ஒன்பது வயது.

அதற்கு அடுத்தாற்போல் அத்தை ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷமாகியும் அது என் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போதே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு அப்படி என்ன அவசரம்.

எங்கள் வீடு அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில். தாத்தா காலத்தில் மலையிலிருந்து இறங்கிவந்த குடும்பம். அத்தையை மட்டும் திரும்ப மலைக்கே, திண்ணனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. அந்த வருஷம் அம்மா தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டு படுத்த படுக்கையாகிவிட்டாள். “ஒரு மிளகுப் பருவம் அக்காகூட இருந்துட்டு வரட்டும்” என்று அப்பா என்னை மேலே கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். பார்த்தால் நான் பின்னாலேயே ஓடிவந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். நான் அழாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு தரமாவது பார்ப்பார் என்று.

அத்தை வீடு ஒற்றை வீடு. மேட்டின் முகட்டில், கிழக்கே ஒன்றும் மறைக்காமல் வெட்டவெளியாக இருக்கும். பக்கத்து வீடு என்று சொல்வது எதிர்ச் சரிவில் இருந்தது. நடந்தால் இறங்கி ஏற அரை மணி நேரம். அங்கே அடுப்புப் புகை தெரியும், மனிதர்களின் முகம் தெரியாது. பனி இறங்கிவிட்டால் அந்தச் சரிவே இல்லாமல் போய்விடும். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் இல்லை. பகலெல்லாம் மிளகு பறிக்கிற வேலை, அதைக் காயவைக்கிற வேலை. வாசலில் பாய் பாயாக மிளகு கறுத்துக் காயும். அந்தக் கார நெடியில் தும்மிக்கொண்டு, எதிர்ச் சரிவுப் புகையை எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் இல்லாத பிள்ளை எதை வேண்டுமானாலும் எண்ணும்.

மலையில் ஒருவரோடு ஒருவர் பேசுவது கூப்பிட்டுத்தான். அத்தை வீட்டுக்கு முன்னால் ஒரு பாறை உண்டு, கூப்பாட்டுப் பாறை என்று பெயர். அதன்மேல் நின்று கையைக் குவித்து, யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயரைச் சொல்லி இழுத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பதிலுக்கு நிற்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி. அந்த நாட்டிலேயே அத்தைக்கு இருந்த குரல் யாருக்கும் கிடையாது. இன்னொரு வித்தையும் இருந்தது. யார் கூப்பிட்டாலும் அதை அப்படியே திருப்பிக் கூப்பிடுவாள். ஊர்ப்பெரியவர் தன் காளையைத் தேடிக் கூப்பிடுவதை ஒரு நாள் அத்தை கூப்பிட்டுக் காட்டினாள். அந்தக் காளை திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

வந்த முதல் வாரமே அத்தை எனக்கு ஒரு கட்டுப்பாடு சொல்லிவிட்டாள்.

“ஆள் தெரியாம குரல் மட்டும் வந்துச்சுன்னா ஏன்னு கேக்கப்படாது கண்ணு. ஒரு தரம் கூப்பிடும், பேசாம இரு. ரெண்டாந்தரம் கூப்பிடும், அப்பவும் பேசாம இரு. மூணாந்தரம் கூப்பிட்டாத்தான் மனுசன்.”

“மனுசன் இல்லைன்னா?”

“அதுக்கு மூணு தரம் கூப்பிடத் தெரியாது.”

மாமா போனது அப்படித்தான். ஒரு சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஒற்றைக் குரல் வந்ததாம். செத்துப்போன அவருடைய தம்பியின் குரல். “ஏன்டா” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார். மூன்றாம் நாள் பாறைக்கடியில் கண்டெடுத்தார்கள். “நாம ஆசைப்படுற குரல்லதான் அது கூப்பிடும்” என்பாள் அத்தை. “நான் அடுப்புகிட்ட இருந்தேன். கையைப் புடிச்சு இழுத்திருந்தா நின்னிருப்பாரு.” இதைச் சொல்லும்போது அவள் கை எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும், சுளகு விளிம்பையோ என் பாவாடையையோ.

கம்பிச் சங்கம் வந்தது கார்த்திகை மாதம். சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரம் வரை பஸ், அப்புறம் ஒற்றையடிப் பாதை. முன்னால் இரண்டு ஆட்கள் மூங்கிலில் லாரி பேட்டரியைக் கட்டி, பன்றியைத் தூக்கி வருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் இன்னொருவன் தலையில் சாக்குக் கட்டிய பெட்டி ஒன்று. அதற்கும் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய மூன்று பேர். வனத்துறை ஆட்கள் காட்டை அளக்க வந்துவிட்டார்கள் என்று ஊர்ப்பெரியவர் முடிவு கட்டி, அன்று முழுக்க அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை. பாவம், அவர்களும் கேட்கவில்லை.

அவர்கள் வந்த காரியம் வேறு. வீட்டிலேயே கருவி வைத்துக்கொண்டு, ஆகாயத்து வழியாக வெளிநாட்டு ஆட்களோடு பேசுகிறவர்கள். அதற்கு அரசாங்க அனுமதிச் சீட்டு உண்டு, ஆளுக்கொரு பெயர் உண்டு. பெயர் என்றால் நம் பெயர் அல்ல, எழுத்தும் எண்ணுமாக ஐந்து துண்டு. சேந்தமங்கலத்தில் அப்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மரத்துக்கு மரம் செம்புக் கம்பி கட்டியதால் மலையில் அது கம்பிச் சங்கம் ஆகிவிட்டது.

தலைவர் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

“உங்க ஊட்டு மேட்டுலதானுங்க கிழக்கு நல்லாத் திறந்து கெடக்குது அம்மிணி. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை இந்த மூலையில உக்காந்துட்டுப் போயிடுறோம்.”

“உக்காந்து என்ன பண்ணுவீங்க?”

“கூப்பிடுவோமுங்க. யாராவது பதில் சொன்னா பேசுவோம்.”

அத்தை மரத்தில் தொங்கிய கம்பியையும் பேட்டரியையும் ஒரு முறை பார்த்தாள். “இதுக்கு இம்புட்டுச் சாமானா? நாங்க சும்மாவே கூப்பிடுவோமே.”

தலைவர் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த துண்டு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை வீட்டு மூலை அவர்களுடையது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து கோயில் கொட்டகையில் படுப்பார்கள், ஞாயிறு விடிந்ததும் மேட்டுக்கு வருவார்கள்.

அந்த ஞாயிறுகளுக்காகவே நான் மற்ற நாட்களைக் கழித்தேன். அவர்கள் செட் என்று சொல்லும் பெட்டியைத் திறந்து முடுக்கினால் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். சூடேறிய தூசியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோவைத் திறந்தால் நான் கிட்டே போய் நின்றுகொள்கிறேன். தலைவர் முதலில் பேச மாட்டார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். “அடுத்தவங்க பேசிட்டிருக்கும்போது குறுக்க விழக்கூடாதுல்லீங்க” என்பார். அப்புறம்தான் தன் ஐந்து துண்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வந்தால் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, மிளகுக்கூடையோடு வேடிக்கை பார்க்கிற சனங்களுக்கு வரிசையாகக் கேட்கக் கொடுப்பார். குடியானவன், ஊர்ப்பெரியவர், குழந்தை என்று வித்தியாசம் கிடையாது. காதுக்கு வைக்கும் முன் ஒவ்வொரு தரமும் துண்டால் துடைப்பார்.

“என்னங்க சொல்றாரு?”

“சிலோன்காரருங்க. அங்க மழையாம்.”

“இம்புட்டுத் தூரம் கூப்பிட்டு, மழை பெய்யுதான்னுதான் கேக்குறீங்களா?” என்றாள் அத்தை.

“வேற பேச எங்களுக்கு அனுமதி கிடையாதுங்க. குடும்பக் கதை, ஊர்க்கதை எல்லாம் பேசப்படாது.” கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: “ஆனா பாருங்க, மழையான்னு கேக்குறதுலயே நல்லா இருக்கியான்னு கேட்டதாத்தான் அர்த்தம்.”

கூட வருகிறவர்களில் ஒருவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். குண்டு, எப்போதும் நக்கல். “எங்க தலைவரு உலகம் பூராப் பேசுவாருங்க. பக்கத்து ஊட்டுக்காரனுக்குத்தான் அவரு பேரு தெரியாது” என்பார். கடிகாரக்காரர் மைக்கைப் பிடித்து “ஹலோ ஹலோ” என்று தொண்டை கனைப்பதை அத்தை அப்படியே செய்து காட்டுவாள். ஒரு நாள் அடுக்களையிலிருந்து அவள் செய்ததை நிஜம் என்று நினைத்து, தலைவர் செட்டுப் பக்கம் திரும்பி, “கொஞ்சம் மெதுவாப் பேசய்யா” என்று சொல்லிவிட்டார். கடிகாரக்காரர் அப்போது தோட்டத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தார்.

தலைவர் எனக்கு ஒன்று கொடுத்தார். கம்பியின் முனையில் கட்டுகிற பீங்கான், முட்டை வடிவில் வெள்ளையாக இருக்கும். நான் அதை அத்தையின் அடைகோழிக்கு வைத்துவிட்டேன். மற்ற முட்டையெல்லாம் பொரித்த பிறகும் கோழி அதைவிட்டு எழவில்லை. அடுத்த முறை வந்தபோது தலைவர் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். “விட்டுடு சாமி, எடுக்காத” என்றார். “அதுக்கு ஒரு நாளு தானாத் தெரியும்.” அந்தப் பீங்கான் முட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. நான் கீழே கொண்டுவந்தேன் என்றுதான் நினைவு. அம்மா கூழாங்கல் என்று வீசியிருக்கலாம்.

மார்கழியில் ஒரு ஞாயிறு தலைவர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது, கடிகாரக்காரர் அத்தையிடம் சொன்னார். நக்கல் பேசுகிறவர்கள் நிஜம் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

“நாங்க வாரது பொழுதுபோக்குக்குங்க. அவரு வாரது அதுக்கில்லை.”

பட்டாளத்தில் தலைவரோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிநேகிதர் ஒருவர் பினாங்குக்குப் போய்விட்டார். அங்கே அவரும் ஒரு செட் வைத்தார். இங்கிலீஷ் மாதத்தின் முதல் ஞாயிறு, நம் கணக்குக்குக் காலை பத்து மணி, இரண்டு பேரும் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. வருஷக்கணக்காக நடந்தது. கடைசியாகப் பேசிய அன்று சிநேகிதர் எதையோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நடுவில் வேறொரு தூர தேசத்து ஆள் கூப்பிட, கிடைக்காத ஆள் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் தலைவர், “இருப்பா, வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது சிநேகிதர் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகக் குரலே இல்லை. கடிதத்துக்கும் பதில் இல்லை.

“அன்னிக்கு அவன் என்ன சொல்ல வந்தான்னு ஒரு தரம் கேட்டுட்டாப் போதும்னு சொல்லுவாருங்க. சேந்தமங்கலத்துலருந்து கிழக்கே இந்த மலை மறைக்குதாம், அதனாலதான் கேக்கலையாம். ஆளு இருக்காரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? இவரு பழியை மலை மேல போட்டுட்டு மலை ஏறிட்டு இருக்காரு. நாங்களும் கூடவே ஏறுறோம்.”

 அதற்குப் பிறகு தலைவருக்கு அத்தை வைக்கிற களி உருண்டை பெரிதாக இருந்ததை நான் கவனித்தேன்.

தை முடியப்போகிற சமயம், அடுத்த இங்கிலீஷ் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. கடிகாரக்காரருக்குச் சொந்தத்தில் கல்யாணம், இன்னொருவருக்குக் காய்ச்சல். பேட்டரி தூக்குகிறவர்களோடு தலைவர் மட்டும் வந்தார். அவர்களும் வைத்துவிட்டு மிளகு மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளத்துத் தோட்டத்திலிருந்து அலறல் கேட்டது. மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து ஒருவன் விழுந்துவிட்டான், காலில் எலும்பு வெளியே தெரிகிறது என்று கூப்பாடு. மூன்று தரமல்ல, முப்பது தரம் கூப்பிட்டார்கள்.

காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவர் அந்த மேட்டிலேயே தலைவர் ஒருவர்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். அப்புறம் கம்பி கட்ட வைத்திருந்த மூங்கில் தப்பைகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹெட்போனை அத்தையின் காதில் மாட்டினார்.

“அம்மிணி, எம்பேரு உங்களுக்குத் தெரியும், இத்தனை நாளாக் கேக்குறீங்க. அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா பாறை மேல நின்னு எனக்கு ஒரு குரல் கொடுங்க. விட்டுட்டு ஓடியாந்துடுவேன். அஞ்சு நிமிசம்.”

“கொடுக்குறேனுங்க. போங்க நீங்க.”

அத்தை செட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தில் என் காதையும் ஒட்டவைத்தேன். உள்ளே ஆற்றுச் சத்தம்போல ஓர் இரைச்சல். அதற்குள் யாரோ யாரோடோ பேசுகிற முணுமுணுப்பு. ரொம்ப நேரம் அதுதான். எனக்குத் தூக்கம் வந்தது.

அப்போது கூப்பிட்டது. ஆண் குரல், களைத்த குரல். தலைவரின் ஐந்து துண்டுப் பெயர், தெளிவாக. கடைசித் துண்டைக் கொஞ்சம் இழுத்து, இழுப்பின் முடிவில் ஓர் இருமல். அப்புறம் இரைச்சல்.

அத்தையின் தோள் கல்லானதை என் கன்னம் உணர்ந்தது. நான் எழுந்தேன், பாறைக்கு ஓட. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு கண்ணு.”

“அத்தை, அவருதான்.”

“ரெண்டு வருசமாச் சத்தமில்லாத ஆளு. இவரு ஏங்கிப்போயி இருக்காரு. ஒத்தையா வந்த அன்னிக்கு, பேரைச் சொல்லிக் கூப்பிடுது. இரு. மூணாவது கூப்பிடட்டும்.”

மறுபடி கூப்பிட்டது. இந்தத் தரம் இன்னும் தூரத்தில். அதே இழுப்பு, அதே இருமல். அத்தையின் பிடி வலித்தது. அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். கோழி ஒன்று உள்ளே வந்து மிளகைக் கிளறிவிட்டுப் போயிற்று. மூன்றாவது குரல் வரவில்லை.

அத்தை மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. மூட நம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிறகு இன்னும் கூடிற்று. நானும் ஒருவரை இழந்து, ஒற்றை வீட்டில் உட்காரப் பழகிய பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அன்றைக்கு அவள் பிடித்தது என் கையை அல்ல. முன்னொரு சாயங்காலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பிடிக்காமல் விட்ட கையைப் பிடித்தாள். தலைவரையாவது போகவிடக் கூடாது என்று பிடித்தாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் அதற்கப்புறம் வரவே இல்லை. தலைவர் இன்னும் சில வருஷம் மலை ஏறினார். அத்தையிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. தம்பி பிறந்து, அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் காலமான சேதியை அத்தைக்குச் சொல்லக் கடிகாரக்காரர் தனியாக மலை ஏறினார். கம்பியைக் கழற்றவா என்று கேட்டாராம். இருக்கட்டும் என்றாளாம் அத்தை. கடைசிவரை அதில் அவள் ஒரு துணிகூடக் காயப்போட்டதில்லை.

கடிகாரக்காரரை நான் பெரியவளான பிறகு சேந்தமங்கலத்தில் அவர் கடையில் பார்த்தேன். சங்கத்தில் பேசுவதையெல்லாம், கேட்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கிற நோட்டு ஒன்று உண்டு. அந்த ஞாயிறுக்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தலைவரின் பொடி எழுத்து. சிநேகிதரின் பெயர், நேரம், பக்கத்தில் ஒரே வரி: ‘அம்மிணி வீட்டு மேட்டில் கேட்டது. மூன்று தரம்.’

“ரெண்டு தரம்னுல்ல உங்க அத்தை சொன்னாங்க?” என்றார் கடிகாரக்காரர். “தலைவரு கணக்குல தப்பு விடுற ஆளில்லையே.”

தப்பு விடவில்லை. நான் பார்த்தேன்.

தலைவர் விழுந்தவனுக்குக் கட்டுப்போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடிவந்து, “ஏனுங்க, ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?” என்று கேட்டார். அத்தை நான் முதலில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னாள்.  “சரிங்க அம்மிணி” என்றார் அவர். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்து, ரத்தம் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். கூப்பிட்டது மனுசன்தான் என்று அந்த முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் ஹெட்போனை என் மடியில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைத் தாண்டி இறங்கிப்போய்க் கூப்பாட்டுப் பாறையில் ஏறினாள். கிழக்கை முதுகுக்கு விட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையைக் குவித்தாள். அந்தக் களைத்த ஆண் குரலில், தலைவரின் பெயரை ஐந்து துண்டாக, கடைசித் துண்டை இழுத்து, இழுப்பின் முடிவில் அந்த இருமலோடு, மூன்றாவது தரம் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள்.